காது கேளாத பிள்ளைகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த மணி

சவரிமுத்து அண்ணன் அன்றைக்கு ஏன் கையைத் தூக்கினார்?

பத்து வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், விடை கிடைக்கவில்லை. அவரிடமே கேட்டும் பார்த்துவிட்டேன். ஒரு தடவை, "எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன்" என்று சைகை காட்டினார். இன்னொரு தடவை, கை மரத்துப்போயிருந்தது, சோம்பல் முறித்தேன் என்றார். போன கிறிஸ்மஸுக்குக் கேட்டபோது, உங்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்றார். மூன்றில் எது நிஜம் என்று அவருடைய மனைவி பிலோமினா அக்காவுக்கே தெரியாது. அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் ஆளைக் கிண்டல் பண்ணுவதில் அவரை மிஞ்ச எங்கள் டவுனில் யாரும் இல்லை.

அவர் மட்டும் அன்றைக்குக் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். (பழியை அவர் மேல் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் போடுகிறேன்தான்.)

எழுபதுகளின் கடைசி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் என் கணவர் கிளாக்கர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். மகள் ஷாமினிக்குப் பத்து மாதம். பிள்ளை தும்மினால் நிமோனியா, தும்மாவிட்டால் மூக்கில் ஏதோ அடைப்பு என்று நினைக்கிற அம்மா நான். ஒரு நாள் குசினியில் சமைக்கும்போது ஒரு சட்டி கைதவறி விழுந்தது. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. ஷாமினி திரும்பவில்லை. சட்டியை எடுத்து இன்னும் மூன்று தடவை வேண்டுமென்றே போட்டேன். அவள் அப்பாவின் செருப்பு வாரைச் சப்புவதிலேயே கவனமாக இருந்தாள். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் அவளுடைய எதிர்காலம் முழுவதற்கும் நான் அழுது முடித்துவிட்டேன்.

அடுத்த நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். அங்கே கோயிலுக்குப் பின்னால் இருந்த பலகை மண்டபத்தில், காது கேளாத பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஒரு கன்னியாஸ்திரி வகுப்பு நடத்தி வந்தார். சிஸ்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு ஷாமினிக்குப் பின்னால் போய் நின்று, பிஸ்கட் பேப்பர் ஒன்றை மெதுவாகக் கசக்கினார். மகாராணி சட்டென்று திரும்பிக் கையை நீட்டினாள்.

"காது நல்லாத்தான் இருக்கு டீச்சர். சட்டி விழுந்தா என்னா, இடி விழுந்தா என்னா, அது அவளுக்குத் தேவையில்லாத சத்தம். இது தேவையான சத்தம்."

வெட்கமும் நன்றியும் ஒன்றாக வந்தால் மனுஷர் என்னென்ன வாக்குக் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "சிஸ்டர், ஒங்க புள்ளைங்களுக்கு நானும் ஏதாச்சும் செய்யணும். எந்த வேலையா இருந்தாலும் சொல்லுங்க" என்றேன். சிஸ்டர் அதைப் போய் அந்தக் கோயில் ஃபாதரிடம் சொல்ல, ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அந்த வகுப்பை நடத்துகிற காது கேளாதோர் சங்கத்துக்கு என்னை 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' ஆக்கியிருந்தார்கள்.

என் கணவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"ஒன்ன நம்பியா?" என்றார்.

சங்கத்தில் பொறுப்பாளர்கள் மொத்தமே நான்கு பேர். தலைவர் ஃபாதர். துணிக்கடை முதலாளி ஒருவர். அந்தக் கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த சவரிமுத்து அண்ணன். அப்புறம் நான். கூட்டத்தில் பேசுவதை அண்ணனுக்குச் சைகையிலும், அண்ணன் சொல்வதை எங்களுக்கு வாயாலும் சொல்வது பிலோமினா அக்கா. (அண்ணன் விரலை இரண்டு தடவை அசைத்தால் அக்கா ஐந்து நிமிஷம் பேசுவார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

முதல் இரண்டு கூட்டத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. புதுக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஃபாதர் இருமியதைக்கூட எழுதினேன். மூன்றாவது கூட்டத்தில் ஃபாதர் கவலையான முகத்தோடு வந்தார். சிஸ்டரை வருஷக் கடைசியில் வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள் என்றார். அன்றைக்கு சிஸ்டர் அந்த விஷயமாகத்தான் கண்டிக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக அரசாங்கம் ஓர் ஆசிரியரைத் தந்தால் வகுப்பு நடக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். அடுத்த மாதம் கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருகிறார். இது ஒரு பள்ளிக்கூடம் என்று அவர் எழுத வேண்டும். சும்மா பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் என்று எழுதிவிட்டால் ஆசிரியர் கிடையாது.

மூடினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். லெட்சுமி என்று எட்டு வயதுப் பிள்ளை ஒன்று. வகுப்புக்கு வருவதற்கு முன்னால், அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது அவளை லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். கூப்பிட்டால் கேட்காத பிள்ளையை ரோட்டில் விட முடியாது, பாவம், அவரும் என்ன செய்வார். இப்போது லெட்சுமி தன் பெயரை எழுதுகிறாள். வகுப்பு மூடினால் மறுபடியும் அதே காம்பரா, அதே பூட்டு.

"பாத்தவொடனே பள்ளிக்கூடம்னு தெரியணும்" என்றார் ஃபாதர். "டீச்சர், நம்மள்ல பள்ளிக்கூடம் தெரிஞ்ச ஆள் நீங்கதான். என்னா கொறைன்னு சொல்லுங்க."

நான் கண்ணை மூடி எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்த்தேன். கரும்பலகை, இங்கேயும் இருக்கிறது. சோக் கட்டி இருக்கிறது. பிள்ளைகள் உட்கார வாங்கு இருக்கிறது. வாசலில் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதை அடித்தால்தான்...

கண்ணைத் திறந்தேன். லெட்சுமிக்காக என் நெஞ்சு நிறைந்திருந்தது.

"ஃபாதர்" என்றேன், "மணி இல்ல."

முதலாளி தொடையில் தட்டினார். "அதான! மணி இல்லாம என்னாங்க பள்ளிக்கூடம்!" என்றார். ஃபாதர் என்னை மரியாதையாகப் பார்த்தார். இதற்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். பிலோமினா அக்கா அப்போதுதான் டீ ஊற்ற உள்ளே போயிருந்தார். அதற்கு முன்னால் மணி அடிப்பது மாதிரி ஒரு சைகையை மட்டும் புருஷனுக்குக் காட்டிவிட்டுப் போனார். ஃபாதர் தூக்கினார். முதலாளி தூக்கினார். நான் தூக்கினேன். சவரிமுத்து அண்ணன் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

ஏகமனதாக நிறைவேறியது என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மணி கேட்டு, மண்டபக் கூரை ஒழுகுவதையும் சொல்லி, எங்கள் தோட்டத்து மேனேஜர் தொரைக்கு அழகான கடிதம் ஒன்று எழுதி, ஆபிசில் கொடுக்கும்படி என் கணவரிடம் நீட்டினேன். அவர் வாசிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான், காலைச் சாப்பாட்டின்போது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"தொரை சந்தோஷமா தாரேன்னுட்டாரு. பழைய ஃபெக்டரி மணி சும்மாதான கெடக்கு. மண்டபத்துக் கூரைக்குப் பத்துத் தகரமும் சேத்து அனுப்புறாராம். ஆமா, இந்த மணி எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?"

"என்னங்க, எங்க சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"எந்தச் சங்கம்?"

"காது கேளா..."

அந்தச் சொல்லை நான் இன்றுவரை முடிக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, ரொம்பப் பணிவாக, "அப்போ மணி யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே ஃபாதரிடம் ஓடினேன். ஃபாதரும் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். "எனக்கும் அப்புறமாத்தான் தோணுச்சு டீச்சர். ஆனா நீங்க எவ்வளவு தைரியமா சொன்னீங்க! ட்ரெயினிங் கொலீஜ்ல இதப் பத்தி ஏதாச்சும் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். முதலாளியிடம் போனேன். "ஃபாதருக்குத் தெரியாமலா இருக்கும்னு நான் நெனச்சேங்க" என்றார். இனி வேண்டாம் என்று எழுதலாமா என்றால், அப்படி எழுதினால் தொரை தகரத்தையும் நிறுத்திவிடுவார். மண்டபமோ ஒழுகுகிறது. அதிகாரி வருகிற அன்றைக்கு மழை பெய்தால் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டுதான் கணக்குச் செய்ய வேண்டும்.

கண்டியிலிருந்து வந்த சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் முக்காடு நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். "டீச்சர், எங்க புள்ளைங்கள கூப்பிடணும்னா நான் இந்தப் பலகைத் தரையில ஒரு மிதி மிதிப்பேன். காலுக்கு அதிரும், எல்லாம் திரும்பும். அவ்வளவுதான் எங்க மணி" என்றார்.

லொறியில் தகரத்தோடு மணியும் வந்து இறங்கியது. வெண்கலம். ஷாமினியை உள்ளே உட்கார வைக்கலாம். தோட்டத்துக்குச் சங்கு வருவதற்கு முன்னால், மூன்று டிவிஷனுக்கும் கொழுந்து நிறுக்கிற நேரத்தைச் சொன்ன மணி அது. மண்டப வாசலில் இரண்டு மரக்கால் நட்டு அதைத் தொங்க விட்டார்கள். அதிகாரியின் கண்ணில் மட்டும் அது படக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். "முதலாளி, எதையாச்சும் போட்டு மூடி விடுங்க" என்று கெஞ்சினேன். அவர் மூடினார். கடையில் விலை போகாமல் கிடந்த சிவப்பு சாட்டின் துணியால் மூடி, நடுவில் ரிப்பனால் ஒரு முடிச்சும் போட்டார். இப்போது அது மணி மாதிரி இல்லை. மந்திரி வந்து திறந்து வைக்க வேண்டிய ஏதோ ஒன்று மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரியின் ஜீப் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஃபைல். மழை இல்லை. உள்ளே பிள்ளைகள் பதினொரு பேரும் சிஸ்டரைப் பார்த்து உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஷாமினி என் இடுப்பில். என் கணவரும் ஆபிசில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்திருந்தார். (எனக்குத் துணையாக என்றார். வேடிக்கை பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும்.)

அதிகாரி வாசலில் கால் வைத்ததும் நின்றார்.

"உதென்ன பிள்ளை, சேலை கட்டி வைச்சிருக்கிறியள்?"

"அது... ஒண்ணுமில்லீங்க சார். உள்ள வாங்க சார், டீ..."

"தெறந்து வைங்க சார்!" என்றார் முதலாளி, எனக்குப் பின்னாலிருந்து, கைதட்டிக்கொண்டே.

துணி விலகியது. அதிகாரி மணியைப் பார்த்தார். கயிறு அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மணிக்கயிறு ஒன்றை முன்னால் தொங்க விட்டால், எவ்வளவு படித்தவராக இருந்தாலும் இழுக்காமல் விட மாட்டார். அவர் இழுத்தார். ஒன்று அல்ல, மூன்று.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? முதல் அடிக்கு அதிகாரியின் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கியது. இரண்டாவது அடிக்கு ஷாமினி வீறிட்டாள். (அவளுடைய காதைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த கொஞ்சச் சந்தேகமும் அப்போதுதான் தீர்ந்தது.) மூன்றாவது அடி எதிரே எங்கள் தோட்டத்து மலையில் மோதித் திரும்பி வந்தது.

அது ஓய்ந்ததும் வேறொரு சத்தம் கேட்டது. எங்களுக்குப் பக்கத்தில்தான் டவுன் பள்ளிக்கூடம். அதன் கதவுகள் படபடவென்று திறந்தன. பள்ளி விட்டாச்சு என்று பிள்ளைகள் பையோடு ரோட்டில் பாய்ந்தார்கள். பின்னாலேயே தலைமை ஆசிரியர் பிரம்போடு, "யாருடா மணி அடிச்சது! வாங்கடா உள்ள!" என்று கத்திக்கொண்டு ஓடினார். பிள்ளைகள் நடுவில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தது.

"ஏன் பிள்ளை, உவையள் எல்லாம் எங்க ஓடினம்?" என்றார் அதிகாரி, ரோட்டுப் பிள்ளைகளைக் காட்டி.

என் கணவர் எதிர் மலையைப் பார்த்துவிட்டு, "ஐயோ கடவுளே" என்றார். தேயிலைக்குள்ளிருந்து கூடைகள் நகர ஆரம்பித்திருந்தன. ஒரு நிரை, இரண்டு நிரை, அப்புறம் மலை முழுவதும். நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்வை பார்க்கிற கணக்கப்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு கத்துவதும், ஓர் அம்மா திருப்பிக் கத்துவதும் இங்கேவரை கேட்டது.

"ஏறுங்க மேல! யாரு எறங்கச் சொன்னா?"

"மணி அடிச்சாச்சுங்கய்யா! பழைய மணிதான், எங்களுக்குத் தெரியாதா? காது கேக்கலயா ஒங்களுக்கு?"

என் கணவர் தொப்பியைக்கூட எடுக்காமல் தோட்டத்துக்கு ஓடினார்.

அதிகாரி ரோட்டைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு திரும்பி மண்டபத்துக்குள் பார்த்தார். உள்ளே பதினொரு பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். லெட்சுமி மட்டும் செய்து முடித்துவிட்டு, சிஸ்டருக்குக் காட்டக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஒண்டு கேக்கட்டோ? காது கேளாத பிள்ளையளுக்கு மணி வேணுமெண்டு சொன்ன ஆள் ஆர்?"

ஃபாதர் கூரையைப் பார்த்தார். புதுத் தகரம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதலாளி சாட்டின் துணியை மடிக்க ஆரம்பித்தார். சிஸ்டர் முக்காட்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியர் கிடையாது, லெட்சுமிக்குப் பூட்டு, எல்லாம் என்னால்.

சவரிமுத்து அண்ணன்தான் முன்னால் வந்தார். ஒரு விரலால் என்னைக் காட்டினார். அப்புறம் இல்லாத கயிறு ஒன்றைக் கையால் பிடித்து, உடம்பு வளைய, கண்ணை மூடி, மிகுந்த பக்தியோடு இழுத்தார். இரண்டு தடவை. மண்டபத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரியின் வாய் ஓரமும் துடித்தது. அண்ணன் இன்னும் ஏதோ சைகை காட்டினார், சின்னதாக. பிலோமினா அக்கா தொண்டையைச் செருமினார்.

"அவரு சொல்றாருங்க: இந்த மணி எங்களுக்கு இல்லீங்க சார். காது கேக்குறவங்களுக்கு. இத்தன வருஷமா இங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது இந்த ஊருக்குக் கேக்கவே இல்ல. இன்னைக்கித்தான் கேட்டுச்சு. அதுக்குத்தான் எங்க டீச்சரு மணி வாங்குனாங்கன்னு சொல்றாருங்க."

ரோட்டில் பஸ் இன்னும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி உள்ளே போய் லெட்சுமியின் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். சரி என்று போட்டார். அடுத்த பிள்ளையின் சிலேட்டையும் பார்த்தார். இரண்டு மணி நேரம் இருந்தார். போகும்போது என்னிடம், "பிள்ளை, நான் எத்தினையோ பள்ளிக்கூடம் பாத்திட்டன். மணி அடிச்ச பிறகும் இருந்து கணக்குச் செய்யிற பிள்ளையளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார்.

ஜீப் மறைந்ததும் நான் பிலோமினா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அண்ணன் எவ்வளவு பெரிய மனசுக்காரர், அதையெல்லாம் யோசித்துத்தான் அன்றைக்குக் கையைத் தூக்கியிருக்கிறார் என்றேன். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகில் வந்தார்.

"அழுவாதீங்க டீச்சர். யாருக்கும் சொல்லாதீங்க. அவரு டீ ஆறிப்போச்சுன்னுதான் சொன்னாரு. மிச்சமெல்லாம் நான் சொன்னதுங்க."

நவம்பரில் கந்தோர்க் கடிதம் வந்தது. வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர் நியமனம். பெயரைப் பார்த்தால் என்னுடையது. (இந்த விஷயத்தில் அதிக அக்கறை காட்டியவர் என்று காரணம் வேறு எழுதியிருந்தார்கள்.) சிஸ்டர் போவதற்கு முன்னால் ஆறு வாரம் எனக்குச் சைகை கற்றுக் கொடுத்தார். லெட்சுமி இப்போது சவரிமுத்து அண்ணனின் இரண்டாவது மெஷினில் தைக்கிறாள், என் ஜாக்கெட்டை அவள்தான் தைக்கிறாள். மணியைத் தலைமை ஆசிரியர் அடுத்த நாளே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நிறுவைக் குழப்பத்துக்காகத் தொரை என் கணவரிடம் விளக்கம் கேட்டார். என்ன விளக்கம் கொடுத்தாரோ, இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் புதிதாக எது வாங்கப் போனாலும், திரைச்சீலையாக இருந்தாலும் சரி, கத்தரிக்காயாக இருந்தாலும் சரி, "மணி யாருக்கு?" என்று கேட்காமல் விடுவதில்லை. பத்து வயது ஷாமினியும் இப்போது சேர்ந்துகொண்டாள்.

அது பரவாயில்லை, வீட்டோடு போகும். வெளியில் போனதுதான் பிரச்சினை. காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் கையாலே ஒரு பெயர் வைப்பார்கள் என்பது எனக்கு அந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஃபாதருக்குத் தாடி. முதலாளிக்குத் துணி அளக்கிற கை. எனக்கு என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அண்ணன் அன்றைக்கு இழுத்த கயிறு அப்படியே என் பெயராக நின்றுவிட்டது. இறம்பொடையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் காது கேளாத யார் என்னைக் கண்டாலும், சந்தோஷமாகக் கயிறு இழுக்கிறார்கள். பஸ்ஸில் இழுக்கிறார்கள், சந்தையில் இழுக்கிறார்கள், ஒரு தடவை சாவு வீட்டில் இழுத்தார்கள்.

இப்போது எங்கள் கோயிலுக்குப் புதிதாக ஓர் இளம் ஃபாதர் வந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து நான் வெளியே வரும்போது நாலைந்து பேர் எனக்குக் கயிறு இழுப்பதை அவர் கவனித்திருக்கிறார். இது என்ன என்று என் கணவரிடம் கேட்டாராம். என் கணவர் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "மணி விஷயத்துல இவங்களுக்கு ரொம்ப அனுபவம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டார். கோயில் மணி போன மழையில் இடி விழுந்து வெடித்துப்போயிருக்கிறது. புதிய மணி வாங்க ஒரு குழு போட்டார்கள். அதற்கு அந்த ஃபாதர் என்னைத் தலைவியாக்கிவிட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கூட்டம். எந்த அளவு, என்ன உலோகம், எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்று நான் விளக்கம் கொடுக்க வேண்டுமாம்.

மணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதை யாருக்கு வாங்கக்கூடாது என்பது மட்டும்தான்.

ஆகவே, இதை வாசிக்கிற அனுபவசாலிகளே, நான் என்ன செய்யட்டும்? போய் அந்த இளம் ஃபாதரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி விலகிக்கொள்ளட்டுமா? அவர் என்னை ரொம்ப மதிக்கிறார், அதை இழக்கவும் மனமில்லை. அல்லது, சும்மா இருந்து எல்லோரும் சொல்வதற்குத் தலையாட்டட்டுமா? தலையாட்டி ஏதாவது தப்பாகிவிட்டால்? நல்ல யோசனை உள்ளவர்கள் தயவுசெய்து ஒரு போஸ்ட்கார்டு எழுதிப் போடுங்கள். என் வீட்டு விலாசத்துக்கு மட்டும் வேண்டாம். அங்கே முதலில் வாசிப்பது என் கணவர்.